ஒரே லாரி மக்காச்சோளம்: ஒரு சோதனையில் 6 பிபிபி, மறு சோதனையில் 48. எதை நம்புவது?

ஜூன் 4, காலை 8.20 | கலவைக்கூடம்

20 டன் மக்காச்சோளம் வந்து நிற்கிறது. பின்கதவைத் திறந்ததும் கையால் அள்ளிய அரை கிலோவில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு 6 பிபிபி (பிபிபி என்பது கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம்). சந்தேகம் தீரட்டும் என்று குத்தூசி போட்டு ஏழெட்டு இடத்தில் எடுத்துச் சேர்த்த 5 கிலோவில் 48. ஒரே பெட்டிச் சோதனை ஸ்ட்ரிப், அதைப் படிக்கும் ஒரே ரீடர், ஒரே ஆள். நாங்கள் வாங்கும் வரம்பு 20. கிட் கெட்டுவிட்டதா? மூன்றாவது தடவை போட்டுப் பார்த்து, எந்தப் பக்கம் சாய்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாமா?

ஜூன் 4, காலை 9.05 | ஆய்வுமேசை

கிட்டைச் சந்தேகப்படுவது கடைசியில்தான் சார். இரண்டுக்கு ஒன்று என்று வாக்கெடுப்பு நடத்துவதும் வேண்டாம். அஃப்ளாடாக்சின் லோடு முழுக்கப் பரவி இருக்காது, சில மணிகளில் குவிந்து கிடக்கும்.

ஒரு மக்காச்சோள மணி சுமார் 0.35 கிராம். மோசமாகப் பூஞ்சை பிடித்த ஒரே மணியில் 4,00,000 பிபிபி வரை அளந்திருக்கிறார்கள். கிராமுக்கு 400 மைக்ரோகிராம் என்று வைத்தால் அந்த ஒரு மணிக்குள் 140 மைக்ரோகிராம். மற்ற மணிகள் எல்லாம் சுத்தம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த மணி 1 கிலோ மாதிரியில் விழுந்தால் 140 பிபிபி. 5 கிலோவில் விழுந்தால் 28. 10 கிலோவில் விழுந்தால் 14. விழாவிட்டால் பூஜ்யம். 5 கிலோவில் ஏறக்குறைய 14,000 மணி இருக்கும். அதில் ஒன்றே ஒன்று உங்கள் லோடை இறக்கச் சொல்லும், அல்லது திருப்பி அனுப்பச் சொல்லும்.

அதையே மறுபக்கமாகப் பாருங்கள். 10 கிலோவுக்கு ஒன்று வீதம் அப்படிப்பட்ட மணி கலந்திருக்கிறது, லோடின் உண்மையான அளவு 14 பிபிபி. நீங்கள் 1 கிலோ எடுத்தால் பத்தில் ஒன்பது தடவை அந்த மணி சிக்காது, 'சுத்தம்' என்று வரும். 10 கிலோவே எடுத்தாலும் மூன்றில் ஒரு தடவைக்குச் சற்று மேலாகவே தப்பிவிடும். நிஜ லோடில் அரைகுறையாகக் கெட்ட மணிகளும் இருப்பதால் நிலைமை இவ்வளவு மோசமாக இராது. ஆனால் போக்கு இதுதான்: சின்ன எண் அடிக்கடி வரும், பெரிய எண் எப்போதாவது வரும். அடிக்கடி வருகிறதே என்று சின்ன எண்ணை நம்பினால் லோடின் உண்மையான அளவு எப்போதும் கைக்கு எட்டாது.

ஜூன் 4, காலை 9.30 | கலவைக்கூடம்

அப்படியானால் 6-ஐயும் 48-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 27 என்று வைத்துக்கொள்ளலாமா?

ஜூன் 4, காலை 9.50 | தானியக்கிடங்கு

சராசரி எடுக்கும் யோசனை சரி. பெரிய எண்ணை 'விபத்து' என்று ஒதுக்குவதைவிட நூறு மடங்கு நல்லது. ஆனால் இந்த இரண்டையும் அப்படியே கூட்டக் கூடாது. ஒன்று அரை கிலோ, மற்றது 5 கிலோ. எடையை வைத்துக் கணக்கிட்டால் 44-க்குப் போய்விடும்.

அதைவிடப் பெரிய சிக்கல், முதல் அரை கிலோவை மாதிரி என்றே சொல்ல முடியாது. லாரியில் கொட்டும்போது தூசியும் நொறுங்கலும் கொட்டுகுழாய்க்கு நேர் கீழே நடுவில் தங்கிவிடும், முழு மணிகள் ஓரத்துக்கு உருண்டு ஓடும். பின்கதவு ஓரத்தில் கை விட்டால் கிடைப்பது நல்ல முழு மணி. அஃப்ளாடாக்சினும் ஃபுமோனிசின் என்ற இன்னொரு பூஞ்சை நச்சும் அதிகம் இருப்பதோ நொறுங்கலிலும் தூசியிலும். அந்த 6-ஐக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

ஜூன் 4, காலை 10.10 | ஆய்வுமேசை

கிடங்கு அண்ணன் சொல்வது சரி. ஒன்று கேட்கிறேன். அந்த 5 கிலோவையும் முழுக்க அரைத்தீர்களா, அதிலிருந்து கொஞ்சம் எடுத்து அரைத்தீர்களா?

ஜூன் 4, காலை 10.15 | கலவைக்கூடம்

கலக்கிவிட்டு 250 கிராம் எடுத்து மிக்சியில் அரைத்தோம். மீதி 4.75 கிலோ மூட்டை கட்டி வைத்திருக்கிறது.

ஜூன் 4, காலை 10.45 | ஆய்வுமேசை

அங்கேதான் 5 கிலோ எடுத்த உழைப்பு வீணானது. அரைக்காத தானியத்தை எவ்வளவு கலக்கினாலும் மணி மணியாகவே இருக்கும். 250 கிராம் என்றால் 700 மணி. உங்கள் 48 அந்த 700 மணிகளுக்கு உரிய எண். 14,000 மணிகளைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு. எடுத்த மாதிரி மொத்தத்தையும் அரைத்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் மற்ற எதைச் செய்தும் ஈடுகட்ட முடியாது.

நல்ல வேளையாக மீதி கையில் இருக்கிறது. இப்படிச் செய்யுங்கள்:

4.75 கிலோவையும் அரையுங்கள். மாவு 20 மெஷ் சல்லடையில், அதாவது 0.85 மி.மீ. கண்ணில், ஏறக்குறைய முழுவதும் இறங்க வேண்டும். 100 கிராம் சலித்து மேலே நிற்பதை எடை போட்டுப் பாருங்கள். கண்ணுக்கு மாவாகத் தெரிவது போதாது. வீட்டு மிக்சியில் அடியில் பொடியும் மேலே ரவையும் நிற்கும், ரவையில்தான் மணியின் கெட்டியான கொம்புப் பகுதி. சுத்தி ஆலையோ தட்டு ஆலையோ இருந்தால் நல்லது. ஈரம் 16 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சல்லடை அடைக்கும், மாவு சூடாகும். அப்போது சிறிது சிறிதாகப் போட்டு அரையுங்கள்.

ஆலையின் மூடியிலும் பையிலும் ஒட்டியிருக்கும் தூசியைத் தட்டி மாவோடு சேர்த்துவிடுங்கள். அதைத் துடைத்து எறிந்தால் நச்சு அதிகமுள்ள பகுதியை எறிந்ததாகும். அடுத்த மாதிரிக்கு முன் ஆலையை வாக்குவம் வைத்துச் சுத்தம் செய்து, அந்த அடுத்த மாதிரியிலேயே ஒரு கைப்பிடி அரைத்துக் கொட்டிவிட்டுத் தொடங்குங்கள். 300 பிபிபி மாதிரிக்குப் பின் சுத்தம் செய்யாமல் அரைத்த நல்ல மாதிரி நல்ல மாதிரியாக வராது.

மாவைப் பிரிக்க, காடி காடியாக இருபுறமும் பிரிந்து விழும் பிரிப்பான் இருந்தால் அதில் விட்டுப் பாதி பாதியாகக் குறையுங்கள். இல்லையென்றால் தாளில் வட்டமாகப் பரப்பி நாலாகப் பிரித்து, எதிரெதிர்க் கால்பாகங்களைச் சேர்த்து மறுபடி பரப்புங்கள். பையின் மேலிருந்து கரண்டியால் அள்ளக் கூடாது. மூன்று தனித்தனிப் பங்கு எடுத்து மூன்றையும் சோதித்து எண்களைப் போடுங்கள், பார்ப்போம்.

ஜூன் 4, மாலை 4.30 | கலவைக்கூடம்

அரைத்தாயிற்று. மூன்று பங்கு: 21, 23, 20.

ஜூன் 4, மாலை 5.00 | ஆய்வுமேசை

மூன்றும் நெருங்கி வந்திருப்பதால் அரைவையும் பிரிப்பும் கிட்டும் சரியாக இருக்கின்றன. சராசரி 21.3. முன்பு தனியாக அரைத்த 250 கிராமும் இதே மாதிரியின் பகுதிதான், அதை எடைப்படி சேர்த்தால் 5 கிலோவுக்குச் சுமார் 22.7 பிபிபி. வரம்பைத் தாண்டுகிறது, ஆனால் 48 அல்ல.

கவனிக்க: மூன்று எண் நெருங்கி இருப்பது அந்த 5 கிலோ மாவைப் பற்றிய உறுதி. 20 டன்னைப் பற்றி அது எதுவும் சொல்லாது. வேறு 5 கிலோ எடுத்தால் 12-ம் வரலாம், 35-ம் வரலாம். வரம்புக்கு அருகில் நிற்கும் லோடு என்பதால் திருப்புவதற்கு முன் புதிதாக 10 கிலோ எடுத்து இதே முறையில் அரைத்து, இரண்டையும் எடைப்படி சேர்ப்பதுதான் விற்றவருக்கும் நியாயம், உங்களுக்கும் நியாயம்.

ஜூன் 5, காலை 7.40 | தானியக்கிடங்கு

அந்த 10 கிலோவை எப்படி எடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூட்டைக்குப் போடும் குத்தூசி லாரிக் குவியலுக்கு உதவாது. அது மேல் ஒரு சாணில் நின்றுவிடும், பெரிய மணி துவாரத்தில் நுழையாமல் நொறுங்கலாக வந்து விழும். துவாரத்தின் அகலம் பெரிய மணியைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும்.

குவியலுக்கு வேண்டியது அடி வரை எட்டும் இரட்டைக் குழாய்த் துருவி. வாய்களை மூடியபடி, நேர்க்குத்தாக இல்லாமல் சுமார் 10 பாகை சாய்த்து இறக்குங்கள். வாய்கள் மேல் நோக்கி இருக்கட்டும். அடியைத் தொட்டதும் திறந்து, இரண்டு முறை மேலும் கீழும் சிறிதாக அசைத்து நிரப்பி, மூடிவிட்டு எடுங்கள். திறந்தபடி குத்தினால் மேல் தானியமே நிரம்பிவிடும். பக்கச்சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி, முன்னே, நடுவே, பின்னே என்று மாறி மாறிக் குத்துங்கள். நடுவில் நொறுங்கல் இருக்கிறதே என்று அதைத் தவிர்க்கவும் கூடாது, அங்கேயே குத்திக்கொண்டிருக்கவும் கூடாது. ஒவ்வொரு குத்திலும் வந்ததை ஒரு நீளத் துணியில் வரிசையாகக் கொட்டிப் பாருங்கள். அடி மட்டும் கறுத்திருந்தால், முடைநாற்றம் அடித்தால், அந்த லோடில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அதைத் தனி மாதிரியாகவே பிரித்து வையுங்கள்.

இறக்கும்போது எடுக்க முடிந்தால் குத்துவதைவிட அது நல்லது. கன்வேயர் முடிவில் விழும் ஓட்டத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் முழுமையாகக் குறுக்கே வெட்டி எடுக்க வேண்டும், ஓரத்தில் டப்பாவை நீட்டினால் போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவுத் தானிய விதியில் 50 டன்னும் அதற்கு மேலும் உள்ள லாட்டுக்கு 100 தடவை, தடவைக்கு 100 கிராம், மொத்தம் 10 கிலோ என்று இருக்கிறது. 20 டன்னுக்கு 100 தடவை என்பது சுமைதான். ஆனால் கன்வேயரில் நேரம் குறித்து 30, 40 தடவை எடுப்பது முடியாத காரியம் இல்லை.

ஜூன் 5, காலை 8.15 | கலவைக்கூடம்

எடுத்த மாதிரி மறுநாள் வரை பிளாஸ்டிக் பையில் கிடக்கலாமா?

ஜூன் 5, காலை 8.25 | தானியக்கிடங்கு

ஈரம் 13 சதவீதத்துக்குக் கீழே என்றால் கிடக்கலாம். ஈரமானதைப் பிளாஸ்டிக்கில் கட்டினால் வியர்த்து, பூஞ்சை பைக்குள்ளேயே வளர்ந்து, லாரியில் இல்லாத நச்சு மாதிரியில் வந்துவிடும். துணிப்பை அல்லது தாள் பை. நாள் பிடிக்கும் என்றால் உறைபெட்டி.

ஜூன் 5, முற்பகல் 11.00 | கால்நடை மருத்துவர்

நீங்கள் எல்லாரும் எண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்தத் தீவனம் யாருக்குப் போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. 22 பிபிபி சோளம் வளர்ந்த கறவை இல்லாத மாட்டுக்கு ஒன்று, கறவை மாட்டுக்கு வேறொன்று, வாத்துக் குஞ்சுக்கு இன்னொன்று. பண்ணைப் பறவைகளில் வாத்துக் குஞ்சும் வான்கோழிக் குஞ்சும் அஃப்ளாடாக்சினைத் தாங்கவே தாங்காது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது காரணம் தெரியாமல் 'எக்ஸ் நோய்' என்றார்கள். தேடிப் போனபோது கடலைப் புண்ணாக்கில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் பூஞ்சை இருந்தது. அஃப்ளாடாக்சினைக் கண்டுபிடித்ததே அந்தச் சாவுகளிலிருந்துதான்.

கறவை மாட்டில் மாட்டைவிடப் பால்தான் முதலில் காட்டும். மாடு தின்ற அஃப்ளாடாக்சின் பி1-இல் 1 முதல் 2 சதவீதம், உடலில் மாறி எம்1 என்ற நச்சாகப் பாலில் இறங்கும், நிறையக் கறக்கும் மாட்டில் 6 சதவீதம் வரை போகும். 20 பிபிபி உள்ள அடர்தீவனம் நாளைக்கு 10 கிலோ என்றால் உள்ளே போவது 200 மைக்ரோகிராம். 2 சதவீதம் என்றால் 4 மைக்ரோகிராம். 20 லிட்டர் பாலில் அது லிட்டருக்கு 0.2. அமெரிக்காவின் 0.5 வரம்புக்குள் நிற்கும், ஐரோப்பிய ஒன்றியத்தின் 0.05-ஐ நாலு மடங்கு தாண்டும். அதனால்தான் அங்கே கறவைத் தீவனத்துக்கு 5 பிபிபி, அமெரிக்காவில் 20. எந்த வரம்புக்குப் பால் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் சோள வரம்பை வைக்க வேண்டும்.

தின்ற 12 முதல் 24 மணி நேரத்தில் பாலில் தெரியத் தொடங்கும். தீவனத்தை நிறுத்தினால் மூன்று முதல் ஐந்து நாளில் இறங்கிவிடும். பாலில் ஏறியது தெரிந்ததும் அந்த வாரத் தீவன மாதிரி கையில் இருந்தால்தான் எது காரணம் என்று பிடிக்க முடியும். லாட்டுக்கு ஒரு கிலோ அரைத்த மாவை முத்திரை வைத்து எடுத்து வையுங்கள்.

ஜூன் 5, பிற்பகல் 1.20 | கலவைக்கூடம்

டாக்டர், அஃப்ளாடாக்சின் ஒன்றை மட்டும் பார்த்தால் போதுமா? எல்லாவற்றுக்கும் கிட் வாங்கிக் கட்டுப்படியாகாது.

ஜூன் 5, பிற்பகல் 2.10 | கால்நடை மருத்துவர்

மூலப்பொருளையும் பிராணியையும் சேர்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மக்காச்சோளத்துக்கு அஃப்ளாடாக்சின், ஃபுமோனிசின் இரண்டும். கடலை, பருத்திக்கொட்டைப் புண்ணாக்குக்கு அஃப்ளாடாக்சின். கோதுமை, பார்லி, அவற்றின் தவிட்டுக்கு டான் எனப்படும் டிஆக்சிநிவலெனால், கூடவே ஜீரலெனோன், இரண்டும் பூஞ்சை நச்சுகளே. பூக்கும் நேரத்தில் குளிரும் மழையுமாக இருந்த பருவத்தில் டான் ஏறும், வெயிலும் வறட்சியும் வாட்டிய பருவத்தில் அஃப்ளாடாக்சின் ஏறும்.

பன்றித் தீவனத்தில் டான் 1 பிபிஎம் (1,000 பிபிபி) தாண்டினாலே தீனி குறையத் தொடங்கும். ஜீரலெனோன் பெண் குட்டிகளின் பிறப்புறுப்பை வீங்க வைக்கும். குதிரைக்கு ஃபுமோனிசின் மூளையைக் கரைக்கும், குதிரைத் தீவனத்தில் சோதிக்காத சோளத்தையோ சலித்த நொறுங்கலையோ சேர்க்கவே கூடாது. கோழியின் வாயோரத்தில் புண் தெரிந்தால் டி-2 என்ற பூஞ்சை நச்சைப் பாருங்கள். மாட்டின் இரைப்பை டானின் பெரும்பகுதியை உடைத்துவிடும், அதனால் மாட்டுக்கு அது பின்வரிசையில் நிற்கும்.

சாராய ஆலைக் கசடு வாங்குகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். மாவுச்சத்து போய்விடுகிறது, நச்சு அப்படியே தங்கிவிடுகிறது. சோளத்தில் இருந்ததைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு கசடில் நிற்கும்.

ஜூன் 5, இரவு 9.00 | ஆய்வுமேசை

டாக்டர் கசடைச் சொன்னதால் கிட் பக்கம் வருகிறேன். பெட்டியில் 'மக்காச்சோளத்துக்குச் சரிபார்க்கப்பட்டது' என்று இருந்தால் மக்காச்சோளத்துக்குத்தான். கசடு, தவிடு, புண்ணாக்கு, வெல்லப்பாகு கலந்த கலவைத் தீவனம் எல்லாம் வேறு வேறு. மாவிலிருந்து நச்சைச் சாறாக எடுக்க ஊற்றும் கரைப்பானைக் கசடும் தவிடும் உறிஞ்சிக்கொள்ளும், வடிகட்ட ஒன்றும் மிஞ்சாது. கிட்காரர் அதற்கென்று கொடுத்த விகிதம் இருந்தால் அதையே பிடியுங்கள். அமிலம் சேர்த்த தீவனமும் வெல்லப்பாகும் சாற்றின் பிஎச்சைக் கீழே தள்ளும், சுண்ணாம்புக்கல் தூள் மேலே தள்ளும். கிட்டுக்குள் நச்சைப் பிடிக்கும் ஆன்டிபாடி பெரும்பாலும் பிஎச் 6 முதல் 8-க்குள் தான் ஒழுங்காக வேலை செய்யும். பிஎச் தாளை ஒரு சொட்டில் நனைத்துப் பார்ப்பதற்குப் பத்து நொடி.

புதிய பொருளைத் தொடும்போது ஒரு மீட்புச் சோதனை செய்துவிடுங்கள். சுத்தமானது என்று தெரிந்த அதே வகைத் தீவனத்தில் 20 பிபிபி ஆகும்படி, நச்சின் அளவு தெரிந்த தரக்கரைசலைச் சேர்த்து, கரைப்பான் ஆவியாகும் வரை விட்டு, வழக்கம்போலச் சாறெடுங்கள். 14-லிருந்து 22-க்குள் வந்தால், அதாவது 70 முதல் 110 சதவீதம், பயன்படுத்தலாம். 9 வந்தால் அந்தத் தீவனத்துக்கு அந்தக் கிட் பொருந்தாது, 2.2-ஆல் பெருக்கி ஒப்பேற்ற வேண்டாம்.

சாறெடுப்பதில் பொதுவாக வரும் கோளாறுகள்:

70 சதவீத மெத்தனால் என்பது 700 மி.லி. மெத்தனாலையும் 300 மி.லி. தண்ணீரையும் தனித்தனியே அளந்து கலப்பது. சேர்ந்ததும் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். அதைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றி லிட்டர் ஆக்கினால் விகிதம் கெட்டுவிடும். மூடாமல் வைத்த பாட்டிலில் மெத்தனால் பறந்து நாளுக்கு நாள் வலு குறையும்.

20 கிராமுக்கு 100 மி.லி. என்று கிட் சொன்னால் 50 கிராமுக்கு 250 மி.லி. போடுங்கள். விகிதம் மாறாது, மாவின் பங்கு பெரிதாகும், எண்ணின் ஆட்டம் குறையும். அதிவேகப் பிளெண்டரில் ஒன்றிரண்டு நிமிடம் போதும். கையால் குலுக்கினால் கிட் சொன்ன நேரம் முழுவதும் குலுக்க வேண்டும், முதல் முப்பது நொடிக்குப் பின் கை தளர்ந்து வெறுமனே ஆட்டுவது கணக்கில் வராது. வடித்த முதல் சில மி.லி.யைக் கொட்டிவிடுங்கள். சாறு கலங்கலாக இருந்தால் ஸ்ட்ரிப்பில் ஏறாது.

ஜூன் 6, காலை 6.50 | ஆய்வுமேசை

நேற்று விட்டுப்போனது. ஸ்ட்ரிப்பில் சோதனைக் கோடு அடர்ந்தால் நச்சு குறைவு, மங்கினால் அதிகம். புதிதாக வருகிறவர்கள் தலைகீழாகப் படித்துவிடுவார்கள். கட்டுப்பாட்டுக் கோடு வராவிட்டால் அந்த ஸ்ட்ரிப் செல்லாது, அதில் எண்ணே எழுதக் கூடாது. ரீடரில் ஏற்றியிருக்கும் அளவீட்டு வரைகோடும் பெட்டியின் லாட் எண்ணும் பொருந்துகின்றனவா என்று ஒவ்வொரு பெட்டி திறக்கும்போதும் பாருங்கள். நேரம் முடிந்ததும் உடனே படிக்க வேண்டும், மேசையில் வைத்துவிட்டு டீ குடித்து வந்தால் கோடு மாறிவிடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் குப்பியைத் திறக்காதீர்கள், அறை வெப்பத்துக்கு வரட்டும். இல்லையென்றால் ஸ்ட்ரிப் மேல் ஈரம் கோத்துக்கொள்ளும்.

ஜூன் 6, காலை 10.30 | தானியக்கிடங்கு

கறுப்பு விளக்கில் பச்சை மஞ்சளாக ஒளிர்ந்தால் அஃப்ளாடாக்சின் என்று வாங்குமிடத்தில் திருப்பி அனுப்புகிறார்களே, அது எந்த அளவுக்குச் சரி? சிலர் ஸ்ட்ரிப் போடாமல் விளக்கோடு முடித்துவிடுகிறார்கள்.

ஜூன் 6, முற்பகல் 11.15 | ஆய்வுமேசை

விளக்கை மட்டும் வைத்துத் திருப்பவும் கூடாது, வாங்கவும் கூடாது அண்ணே. 365 நானோமீட்டர் விளக்கில் தெரியும் அந்தப் பச்சை மஞ்சள் ஒளி அஃப்ளாடாக்சினின் ஒளியே இல்லை. பூஞ்சை உண்டாக்கும் கோஜிக் அமிலம் செடியின் பெராக்சிடேஸால் மாறியதால் வருவது. பூஞ்சை வந்து போன தடம் என்று சொல்லலாம். நச்சே உண்டாக்காத ஃப்ளேவஸ் வகையும் ஒளிரும். கொஞ்ச நாள் கிடங்கில் கிடந்து ஒளி மங்கிய சோளத்தில் நச்சு முழுதாக இருக்கும். முழு மணியாகப் பார்த்தால் உள்ளே இருப்பது தெரியாது, உடைத்த சோளத்தில்தான் பார்க்க வேண்டும். ஒளிர்ந்தால் 'இதைக் கட்டாயம் சோதி' என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிராததற்கு எந்த அர்த்தமும் கொடுக்காதீர்கள்.

ஜூன் 7, பிற்பகல் 3.00 | கலவைக்கூடம்

நாளுக்கு முப்பது மாதிரி வந்தால், குழித்தட்டில் நிறத்தை வைத்து அளக்கும் எலைசா சோதனைக்கு மாறலாமா? தட்டில் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் எண் ஒத்துவராது என்று கேள்விப்பட்டேன்.

ஜூன் 7, மாலை 6.40 | ஆய்வுமேசை

மாறலாம். அந்த வித்தியாசம் பெரும்பாலும் நேரக் கோளாறு. வினை நேரம் 5 நிமிடம் என்று இருக்கும் கிட்டில் ஒற்றைப் பிப்பெட்டால் 40 குழி நிரப்ப 4 நிமிடம் ஆனால், முதல் குழி 9 நிமிடம் வினைபுரியும், கடைசிக் குழி 5 நிமிடம். அதனால்தான் பூச்சில்லாத கலக்கும் குழிகளில் சாற்றையும் கான்ஜுகேட்டையும் (நிறம் உண்டாக்கும் நொதி கோத்த நச்சு) முதலில் சேர்த்துவிட்டு, பல்முனைப் பிப்பெட்டால் 100 மைக்ரோலிட்டர் வீதம் ஒரே நேரத்தில் ஆன்டிபாடிக் குழிகளுக்கு மாற்றுவது. பல்முனைப் பிப்பெட் இல்லாமல் முப்பது மாதிரி ஓட்டாதீர்கள்.

கழுவியதும் தட்டைக் கவிழ்த்து உறிஞ்சுதாளில் தட்டுங்கள், குழியில் தங்கும் ஒரு துளி நிறத்தை ஏற்றும். ஒவ்வொரு ஓட்டத்திலும் தரக்கரைசல்கள் மறுபடி போட வேண்டும், நேற்றைய அளவீட்டு வரைகோட்டில் இன்றைய மாதிரியைப் படிக்க முடியாது. பூஜ்யத் தரக்கரைசலின் நிறம் ஓட்டத்துக்கு ஓட்டம் இறங்கிக்கொண்டே வந்தால் கான்ஜுகேட் சாகிறது. உச்சத் தரக்கரைசல் 50 என்றால் 80 என்று எண் கொடுக்கக் கூடாது. சாற்றை 70 சதவீத மெத்தனாலிலேயே ஐந்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டி, ஐந்தால் பெருக்குங்கள். தண்ணீரில் நீர்த்தால் மெத்தனால் அளவு மாறி ஆன்டிபாடி வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

இயற்கையாக நச்சு ஏறிய, அளவு தெரிந்த மாவு ஒன்றை ஒவ்வொரு தட்டிலும் சேர்த்து வரைபடத்தில் குறித்து வாருங்கள். திட்டவிலக்கத்தில் இரண்டு மடங்கைத் தாண்டினால் உஷார், மூன்றைத் தாண்டினால் அன்றைய எண்கள் எதுவும் வெளியே போகக் கூடாது.

வழக்கு, திருப்பி அனுப்புதல் என்று போகும் எண்ணை எச்பிஎல்சி அல்லது எல்சி-எம்எஸ் என்ற ஆய்வகக் கருவி கொண்டு உறுதிசெய்யுங்கள். அதற்கு முன் நச்சை மட்டும் பிடித்துச் சுத்தம் செய்யும் இம்யூனோ பத்தியில் (ஆன்டிபாடி நிரப்பிய சிறு குழாய்) ஏற்றும் சாற்றை நீர்த்து மெத்தனாலைச் சுமார் 15 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவராமல் ஊற்றினால் நச்சு பிடிபடாமல் ஒழுகிப்போய், 'நன்றாக இருக்கிறது' என்று பொய் எண் வரும். விநாடிக்கு ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் ஓட்டக் கூடாது.

ஜூன் 8, காலை 9.15 | கால்நடை மருத்துவர்

ஊறுகாய்ப்புல்லை (சைலேஜ்) அப்படியே சோதித்து 10 பிபிபி என்று எழுதி, 'வரம்பு 20, கவலை இல்லை' என்று ஒரு ரிப்போர்ட் பார்த்தேன். ஐரோப்பிய வரம்பு 12 சதவீத ஈரத்துக்குச் சொன்னது. ஊறுகாய்ப்புல்லில் ஈரம் 65 சதவீதம். உலர்ந்த பொருள் 35-தான், 10-ஐ 0.35-ஆல் வகுத்தால் 28.6. அதை 0.88-ஆல் பெருக்கினால் 25. வரம்பைத் தாண்டியாயிற்று. ரிப்போர்ட்டில் ஈர எண் இல்லாவிட்டால் நச்சு எண்ணை நம்பாதீர்கள். 'கண்டறியப்படவில்லை' என்று இருந்தால், எந்த அளவுக்குக் கீழே என்று கேளுங்கள். கண்டறியும் எல்லை 5 பிபிபி ஆக இருக்கும் கிட்டை வைத்துக்கொண்டு 5 பிபிபி வரம்புள்ள கறவைத் தீவனத்தைத் தேர்ச்சி போட முடியாது.

ஜூன் 8, இரவு 8.30 | கலவைக்கூடம்

கடைசியாக ஒன்று. நச்சுப் பிணைப்பான் சேர்த்த தீவனத்தில் 4 பிபிபி வருகிறது, அதே கலவையில் சேர்ப்பதற்கு முன் 18. பிணைப்பான் நச்சை அழித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஜூன் 8, இரவு 9.10 | ஆய்வுமேசை

கூடாது. பென்டோனைட் போன்ற களிமண் அஃப்ளாடாக்சினைப் பிடித்து வைக்கும், அழிக்காது. தண்ணீர் அதிகமுள்ள கரைப்பானில் சாறெடுத்தால் களிமண் பிடித்ததை விடாமல் வைத்துக்கொள்ளும், நச்சு தீவனத்தில் இருந்தபடியே எண் மட்டும் இறங்கும். 18 என்பதையே அந்தக் கலவையின் எண்ணாகப் பதிவுசெய்யுங்கள். மூலப்பொருளையும் பிணைப்பான் சேர்க்கும் முன் கலவையையும் சோதிப்பதே வழி. பிணைப்பான் மாட்டின் குடலில் உண்மையில் எவ்வளவு பிடிக்கிறது என்று தெரிய வேண்டுமானால் டாக்டர் சொன்ன எம்1-ஐப் பாலில் அளந்து, சேர்த்த வாரத்தையும் சேர்க்காத வாரத்தையும் ஒப்பிடுங்கள். களிமண்ணில் டான் பெரும்பாலும் ஒட்டவே ஒட்டாது, அதற்காகப் பிணைப்பான் வாங்குவது வீண் செலவு.

ஜூன் 8, இரவு 9.25 | ஆய்வுமேசை

சோதனை முடிந்த சாறையும் குடுவைகளையும் 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் குறைந்தது இரண்டு மணி நேரம் ஊறவிட்டுத்தான் கழுவ வேண்டும். அரைக்கிற ஆளுக்குத் துணிக் கைக்குட்டை போதாது, நுண்தூசி தடுக்கும் முகமூடியும் கையுறையும் கட்டாயம் கொடுங்கள். 20 மெஷ் மாவின் தூசி நேராக நுரையீரலுக்குப் போகும்.